கேமராவில் படம் இருக்கும், பேச்சு இருக்காது

இங்கிலாந்தில் ஒரு நடுத்தர ஊரில் குடியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் கோயில் ஹாலில் உட்கார்ந்து நம் ஆட்களுக்கு ஃபார்ம் நிரப்பிக் கொடுப்பது, கவுன்சிலுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது என்று ஆரம்பித்த வேலை, நாளாக நாளாக அவர்களோடு போலீஸில் போய் உட்காருவது வரை வந்துவிட்டது. கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள், பஸ்ஸில் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரன் தினமும் வாசலில் குப்பையைக் கொட்டிவிட்டு ஊருக்குப் போ என்கிறான், இப்படி. வருகிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "சொன்னால் ஏதாவது நடக்குமா?" நடக்கும். ஆனால் எதுவரை நடக்கும், எந்த இடத்தில் நின்றுபோகும், நின்றுபோகாமல் இருக்க நம் பக்கத்தில் என்ன செய்யலாம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இது. இங்கே ஒரு சம்பவத்தை வெறுப்புக் குற்றம் என்று பதிவு செய்ய நீங்கள் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. பாதிக்கப்பட்டவரோ, பார்த்த வேறு யாரோ, இது இனத்தையோ மதத்தையோ வைத்து வந்த வெறுப்பு என்று கருதினாலே போலீஸ் அப்படிக் குறித்துக்கொள்ள வேண்டும். அதே சம்பவம் கோர்ட்டுக்குப் போகும்போது நீங்கள் என்ன கருதினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. எதிராளி வெறுப்பைக் காட்டினான் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் பார்த்த பல புகார்கள் வெறும் அடிதடியாக, வெறும் பொருள் சேதமாகச் சுருங்கிப் போயின.

பதிவில் இருக்கிற இந்தத் தாராளம் சும்மா வந்ததில்லை. 1993 ஏப்ரல் 22 இரவு, தென்கிழக்கு லண்டன் எல்தமில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஸ்டீஃபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின மாணவனை வெள்ளை இளைஞர் கும்பல் குத்திக் கொன்றது. கூட இருந்த நண்பன் டுவேன் புரூக்ஸ் அந்தக் கும்பல் கத்திய இனவெறி வார்த்தையைப் போலீஸிடம் சொன்னான். வந்தவர்கள் அவனைப் பாதிக்கப்பட்டவனாகவே நடத்தவில்லை. இது இனவெறிக் கொலை என்பதையே முழுதாக ஏற்காத அதிகாரிகளும் இருந்தார்கள். லாரன்ஸின் பெற்றோர் விடாமல் போராடியதால் விசாரணைக் குழு அமைந்து, 1999 பிப்ரவரியில் மெக்பர்சன் அறிக்கை வெளியானது. 70 பரிந்துரைகள். அதில் ஒன்று, இனவெறிச் சம்பவமா இல்லையா என்பதைப் பாதிக்கப்பட்டவரின் பார்வையிலிருந்தே பதிவு செய்ய வேண்டும் என்பது. கொலையாளிகளில் இருவருக்கு 2012 ஜனவரியில்தான் தண்டனை கிடைத்தது. பத்தொன்பது வருடம் ஆகப்போன நேரம். அந்தக் குடும்பம் பட்ட பாட்டின் மேல்தான் இன்றைக்கு நாம் போய் "இதை வெறுப்புக் குற்றமாக எழுதுங்கள்" என்று சொல்கிறோம். கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

இப்போது கடைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் கடை வைத்திருக்கிறார். பால், பேப்பர், லாட்டரி, பியர், வெள்ளிக்கிழமை வந்திறங்கும் முருங்கைக்காய், எல்லாம் உண்டு. ஒரு இரவு, பதினெட்டு இருபது வயது மதிக்கத்தக்க ஒருவன் பியர் பாட்டிலைக் கவுண்டரில் வைத்தான். அண்ணை ஐடி கேட்டார். இல்லை என்றான். விற்க முடியாது என்றார். அவ்வளவுதான், வாயைத் திறந்தான். தெற்காசியர்களைத் திட்ட இந்த நாட்டில் வழங்கும் அந்தப் பழைய கெட்ட வார்த்தை, அப்புறம் உன் நாட்டுக்குத் திரும்பிப் போ, அப்புறம் பாட்டில் பறந்து போய் ஃப்ரிட்ஜ் கதவைத் தூளாக்கியது. வெளியே போகும்போது வாசலில் நின்று திரும்பவும் அதே வார்த்தை.

நான் போனபோது அண்ணை கண்ணாடித் தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். "விடுங்கோ தங்கச்சி, கிழமைக்கு ரெண்டு தரம் கேக்கிற பேச்சுத்தானே. கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் காசு வந்தாச் சரி" என்றார். மறுநாள் வந்த போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். தகராறு எதனால் ஆரம்பித்தது என்று கேட்டார். ஐடி கேட்டதால் என்று அண்ணை உண்மையைச் சொன்னார். அவன் குடித்திருந்தான், இங்கே இதெல்லாம் வழக்கம்தான் என்றும் சேர்த்துச் சொன்னார். போலீஸ்காரர் குறித்துக்கொண்டதன் சாரம்: மது விற்க மறுத்ததால் வாடிக்கையாளர் கோபமடைந்து பொருளைச் சேதப்படுத்தினார். இனவெறிப் பேச்சு அதில் ஒரு ஓரத்தில் ஒரு வரியாக இருந்தது. வெறுப்புக் குற்றம் என்ற குறிப்பு இல்லை.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள், நம் ஆட்கள் அதிகம் தோற்பது இங்கேதான். சண்டைக்கு வேறொரு காரணம் இருந்துவிட்டால் அது இனவெறி ஆகாது என்று போலீஸும் நினைக்கிறது, நாமும் நினைக்கிறோம். பார்க்கிங் தகராறு, வரிசையில் முந்திய தகராறு, ஐடி தகராறு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1998-ஆம் ஆண்டுக் குற்றம், ஒழுங்கின்மைச் சட்டத்தின் (Crime and Disorder Act) 28-ஆவது பிரிவு இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, குற்றத்துக்குத் தூண்டுதலே முழுதாகவோ ஓரளவோ வெறுப்பாக இருப்பது. மற்றது, குற்றம் செய்யும்போதோ, அதற்குச் சற்று முன்போ பின்போ, பாதிக்கப்பட்டவர் மேல் இன அல்லது மத வெறுப்பைக் காட்டுவது. இரண்டாவது வழியில் அவன் மனதுக்குள் என்ன இருந்தது என்று தோண்ட வேண்டியதே இல்லை, அவன் என்ன சொன்னான் என்பது போதும். கூடவே வேறு காரணம் இருந்தாலும் பரவாயில்லை என்று அதே பிரிவு தெளிவாகச் சொல்கிறது. 2002-ல் உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு அண்ணையின் கதைக்கு அச்சு அசல் அண்ணன் தம்பி. உள்ளே விட மறுத்த வாசல் காவலாளியை ஒருவன் நிறத்தைச் சொல்லித் திட்டித் தாக்கினான். உள்ளே விடாத ஆத்திரம்தான், இனவெறி இல்லை என்று வாதம். காவலாளிக்கும் இந்தப் பேச்சு பழகிப்போனதுதான், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டும் பொருட்டில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே "எங்களுக்கு இது பழகிவிட்டது" என்பது உங்கள் மனநிலை, அவன் குற்றத்தை அது குறைக்காது. அதைப் போலீஸிடம் சமாதானம் போலச் சொல்லாதீர்கள்.

இன்னொரு குழப்பம், "என்னைப் பாகிஸ்தானி என்று நினைத்துத் திட்டினான், நான் அது இல்லையே, அது சேருமா?" சேரும். அவன் உங்களை எந்த இனம், எந்த மதம் என்று எண்ணிக்கொண்டானோ அது போதும். பொட்டு வைத்த பெண்ணை முஸ்லிம் என்று ஏசினாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். இனத்தின் பெயரைச் சொல்லித்தான் திட்ட வேண்டும் என்பதும் இல்லை. மூன்று ஸ்பானியப் பெண்களைப் பார்த்து ஒருவன் வெளிநாட்டுக்காரிகளே, உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்று கத்தித் துரத்திய வழக்கில், வெளிநாட்டவர் என்ற பொதுச்சொல்லே போதும் என்று 2007-ல், அப்போது இந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் முடிவு செய்தார்கள். அமெரிக்காவில் 2017 பிப்ரவரியில் கான்சஸ் மாநிலத்து ஒலேத்தாவில் ஸ்ரீனிவாஸ் குச்சிபொட்லாவைச் சுட்டுக் கொன்றவன், தான் ஈரானியர்களைச் சுட்டதாகத்தான் பிறகு இன்னொரு ஊரில் சொல்லியிருக்கிறான். அதனால் வழக்கு பலவீனப்படவில்லை. என் நாட்டை விட்டு வெளியே போ என்று அவன் கத்தியதை அங்கிருந்தவர்கள் கேட்டிருந்தார்கள். கொலைக் குற்றத்தோடு கூட்டாட்சி வெறுப்புக் குற்றச் சட்டத்திலும் 2018-ல் ஆயுள் தண்டனை வாங்கினான்.

நேரமும் முக்கியம். சற்று முன்போ பின்போ என்றால் அது நிஜமாகவே சற்றுத்தான். 2004-ல் ஒரு வழக்கில், பக்கத்து வீட்டுக் கதவைப் பாழாக்கியவன் இருபது நிமிடம் கழித்து, போலீஸ் வந்த பிறகு சொன்ன இனவெறிப் பேச்சைக் குற்றத்தோடு சேர்க்க முடியாது என்று தீர்ப்பாகிவிட்டது. ஆகவே என்ன சொன்னான் என்பது பாதி. எப்போது சொன்னான், கண்ணாடி உடைவதற்கு முன்னா பின்னா, கதவருகிலா தெருவிலா என்பது மீதி.

அண்ணையின் கடையில் கேமரா நான்கு. பாட்டில் பறந்தது, கதவு நொறுங்கியது, அவன் முகம், எல்லாம் பளிச்சென்று பதிவாகியிருந்தது. சத்தம் மட்டும் கிடையாது. பெரும்பாலான கடைக் கேமராக்கள் அப்படித்தான், படத்தில் அவன் வாய் அசைவது தெரியும், அவ்வளவே. போலீஸுக்கு அந்தப் படம் பொருள் சேதத்துக்குப் போதும், வெறுப்புக்குப் போதாது. இந்தக் குறையை நிரப்பியது அண்ணியின் கொப்பி. பேப்பர் போடும் வீடுகளின் கணக்கு எழுதுகிற நீளமான சிவப்பு அட்டைக் கொப்பி. அதன் பின்பக்கத்திலிருந்து தலைகீழாகத் திருப்பி, கடைக்கு வந்து யார் எப்போது என்ன ஏசினார்கள் என்று அவர் எழுதி வந்திருக்கிறார், கணவருக்குக் கூடத் தெரியாமல். தேதி, மணி, "நீலத் தொப்பி போட்ட பெடியன்", அவன் சொன்ன ஆங்கிலம் அப்படியே தமிழ் எழுத்தில், அடுத்து "வரிசையில் நாய்க்காரம்மா நின்றவ" என்று ஒரு வரி. அந்த நாய்க்காரம்மா தினமும் பேப்பர் வாங்க வருகிற ஆங்கிலேயப் பாட்டி. அடுத்த நாளே அவரிடம் கேட்டோம். எல்லாம் கேட்டேன், எனக்கே வெட்கமாக இருந்தது, யாரும் என்னிடம் வாக்குமூலம் கேட்கவில்லையே என்றார்.

அதற்குப் பிறகு நான் எல்லோரிடமும் சொல்வது, சம்பவம் நடந்த கையோடு எழுதிவிடுங்கள். அவன் சொன்ன வார்த்தை எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அதையே எழுதுங்கள். இனவெறியாகப் பேசினான் என்று மட்டும் எழுதினால் அது உங்கள் முடிவு, சாட்சியம் ஆகாது. நம் பெண்கள் பலர் அந்த வார்த்தையை வாயால் சொல்லக் கூசி, மோசமாகப் பேசினான் என்று போலீஸிடம் முடித்துக்கொள்கிறார்கள். வாயால் சொல்ல முடியாவிட்டால் எழுதிக் காட்டுங்கள். போலீஸின் அவசர எண்ணான 999-க்குப் போன் போட்டால் அவன் இன்னும் கத்திக்கொண்டிருக்கும்போதே போடுங்கள், அந்த அழைப்பு பதிவாகிறது, பின்னால் கேட்கும் குரல் பிறகு உதவும். போலீஸ்காரர் சட்டையில் கேமரா மாட்டி வந்தால் முதல் நிமிடத்திலேயே வார்த்தையைச் சொல்லிவிடுங்கள், அது ஒலியோடு பதிவாகும். கடைக் கேமராப் பதிவுகள் சில நாளிலோ சில வாரத்திலோ தானாக அழிந்து புதிது ஏறும், அன்றைக்கே தனியாக நகல் எடுத்து வையுங்கள். பஸ்ஸில், ரயிலில் நடந்தால் இன்னும் அவசரம். ரயிலில் என்றால் பிரிட்டிஷ் போக்குவரத்துப் போலீஸுக்கு 61016 எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், ஓடுகிற ரயிலில் உட்கார்ந்தபடியே. பெட்டி எண்ணையும் அடுத்த ஸ்டேஷன் பெயரையும் போடுங்கள்.

தள்ளிப் போடாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்குச் சட்டக் காரணமும் உண்டு. சாதாரணத் தாக்குதல், மிரட்டல் பேச்சு போன்ற சிறு குற்றங்களுக்கு ஆறு மாதத்துக்குள் வழக்கு தொடங்காவிட்டால் கதவு மூடிவிடும். வெறுப்போடு சேர்ந்த தாக்குதல் பெரிய குற்றம் என்பதால் அதற்கு அந்தக் கெடு இல்லை. ஆனால் வெறுப்புக் குறிப்பு நடுவில் விடுபட்டுவிட்டால் திரும்பவும் ஆறு மாதக் கெடுவில் மாட்டிக்கொள்வீர்கள். தண்டனையிலும் பெரிய வித்தியாசம். சாதாரணத் தாக்குதலுக்கு அதிகபட்சம் 6 மாதம், இன அல்லது மத வெறுப்போடு என்றால் 2 வருடம். பொருள் சேதத்துக்கு அதிகபட்சம் 10 வருடம், வெறுப்போடு 14.

சரி, புகார் எண் கிடைத்துவிட்டது. அதோடு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. வெறுப்புக் குற்றம் என்ற குறிப்பு போட்டாயிற்றா என்று அந்த எண்ணைச் சொல்லி மின்னஞ்சலில் கேளுங்கள், வாயால் கேட்டது எங்கும் நிற்காது. அந்தக் குறிப்பு இருந்தால் பாதிக்கப்பட்டோர் உரிமை விதிகளின்படி உங்கள் வழக்கு மிகக் கடுமையான குற்ற வகையில் சேரும், முக்கிய முடிவுகளை ஐந்து வேலை நாளுக்குப் பதில் ஒரே வேலை நாளில் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அண்ணை விஷயத்தில் நாங்கள் 28-ஆவது பிரிவையும், பாட்டி பேசத் தயாராக இருப்பதையும், கொப்பியின் பக்கங்களையும் சேர்த்து அனுப்பினோம். வெறுப்புக் குற்றம் என்ற குறிப்பைப் போட்டார்கள். ஆனால் சில வாரம் கழித்து வந்த கடிதத்தில் குற்றச்சாட்டு வெறும் பொருள் சேதம். கேட்டால், அரசு வழக்குத் தரப்புக்கு அனுப்பிய கோப்பில் பாட்டியின் வாக்குமூலமே இல்லை, இன்னும் எடுக்கவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு வயதான அம்மா நான் சொல்கிறேன் சொல்கிறேன் என்று காத்திருக்கிறார், அவர் வீடு ஸ்டேஷனிலிருந்து இரண்டு தெரு. திரும்ப எழுதினோம், வாக்குமூலம் எடுத்தார்கள், குற்றச்சாட்டை இனவெறியோடு கூடிய பொருள் சேதம் என்று மாற்றினார்கள். அவன் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

கோர்ட்டில் நான் எதிர்பார்க்காத ஒன்று, மாஜிஸ்திரேட் இனவெறி காரணமாகத் தண்டனையைக் கூட்டுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொன்னது. அது அவருடைய நல்ல மனது இல்லை, சட்டக் கடமை. 2020 தண்டனைச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு மற்றக் குற்றங்களுக்கும் இதையே விதிக்கிறது. இனம், மதம், உடற்குறை, பாலீர்ப்பு, திருநர் அடையாளம் ஆகியவற்றின் மேல் வெறுப்பு இருந்தால் அதைத் தண்டனையைக் கூட்டும் காரணமாகக் கொள்ள வேண்டும், திறந்த நீதிமன்றத்தில் அதைச் சொல்லவும் வேண்டும். சிறை எதுவும் இல்லை, சமூக சேவையும் இழப்பீடும்தான். அண்ணைக்கு இழப்பீட்டுத் தொகையை விட அந்த ஒரு வாக்கியம் பெரிதாக இருந்தது. வெளியே வந்து, "அந்தாள் சொன்னதைத் திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ" என்று என்னிடம் கேட்டார்.

இப்போது நாடுகளின் கணக்கைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பாட்டியின் எடுக்காத வாக்குமூலம்தான் ஞாபகம் வருகிறது. இங்கிலாந்து, வேல்ஸில் 2024 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் போலீஸ் பதிவு செய்த வெறுப்புக் குற்றங்கள் 1,40,561. அதில் பத்தில் ஏழு இனத்தை வைத்தவை. ஐந்து மடங்குக்கும் அதிகமான மக்கள் வாழும் அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. 2023-க்கு வெளியிட்ட எண்ணிக்கை 11,862 சம்பவங்கள். அமெரிக்கர்கள் பல மடங்கு நல்லவர்கள் என்று இதற்கு அர்த்தமா? அங்கே உள்ளூர்ப் போலீஸ் துறைகள் கணக்கு அனுப்புவது பெரும்பாலும் அவரவர் விருப்பம். குற்றவாளியின் நோக்கம் வெறுப்புதான் என்று விசாரணையில் தெரிந்தால்தான் எண்ணுவார்கள், பாதிக்கப்பட்டவர் கருதினால் போதாது. பெரிய நகரங்கள் பல ஆண்டுகளாகப் பூஜ்யம் என்று அனுப்பியதும் உண்டு. 2012 ஆகஸ்டில் விஸ்கான்சின் ஓக் கிரீக் குருத்வாராவில் ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டு ஆறு பேர் இறந்தபோது, சீக்கியர் மேல் வெறுப்பு என்று குறிக்க எஃப்.பி.ஐ. படிவத்தில் கட்டமே கிடையாது. சீக்கியர், இந்துக்கள், அராபியர் என்ற பிரிவுகள் 2015 கணக்கில்தான் வந்தன. இங்கிலாந்தில் கூட 2025 மார்ச்சோடு முடிந்த ஆண்டை முந்தைய ஆண்டோடு ஒப்பிடும்போது லண்டன் மாநகரப் போலீஸின் எண்ணிக்கையை ஒதுக்கிவைக்க வேண்டியதாயிற்று, அவர்கள் பதிவு செய்யும் கணினி முறை மாறியதால். ஆகவே எந்த நாட்டில் வெறுப்பு அதிகம் என்று இந்த எண்களை வைத்து யாராவது பட்டியல் போட்டால் நம்பாதீர்கள். எந்த நாடு காது கொடுத்துக் கேட்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் அவை காட்டும்.

ஜெர்மனி இன்னும் கசப்பான கதை. 2000 முதல் 2007 வரை நவநாஜிக் குழு ஒன்று ஊர் ஊராகப் போய் ஒன்பது புலம்பெயர்ந்தவர்களையும் ஒரு பெண் போலீஸையும் சுட்டுக் கொன்றது. கொல்லப்பட்டவர்களில் பலர் சின்னக் கடை வைத்திருந்த துருக்கியர்கள். போலீஸ் ஆண்டுக்கணக்காகக் குடும்பத்தாரைத்தான் துருவியது, போதைப்பொருள் தொடர்பா, சூதாட்டக் கடனா என்று. இது இனவெறி என்று குடும்பங்கள் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. 2011-ல் அந்தக் குழு வெளிப்பட்ட பிறகுதான் உண்மை தெரிந்தது. 2015-ல் தண்டனை விதிக்கும் பிரிவில் இனவெறி நோக்கத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள்.

இந்தியாவில் வெறுப்புக் குற்றம் என்ற ஒற்றைத் தலைப்பு கிடையாது. கும்பல் கொலைகள், வெறுப்புக் குற்றங்கள் பற்றித் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2017-ல் திரட்டிய தகவல், நம்பத்தக்கதாக இல்லை என்று சொல்லிக் கைவிடப்பட்டது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, மொழி, பிறந்த இடம் போன்ற காரணத்துக்காகக் கொல்வதைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. அந்தப் பட்டியலில் மதம் என்ற சொல் இல்லை, இது எனக்கு உறுத்துகிறது. ஆனால் நம்மிடம் ஒரு முழுமையான வெறுப்புக் குற்றச் சட்டம் இருக்கத்தான் செய்கிறது, 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2022-ல் பட்டியல் சாதியினருக்கு எதிராகப் பதிவான குற்றங்கள் 57,582. மதுரையில் வக்கீலாக இருக்கும் என் தோழியிடம் அண்ணையின் கேமராக் கதையைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, "இங்கேயும் அதே பாடுதான்டி" என்றாள். சாதிப் பெயர் சொல்லித் திட்டினான் என்ற பிரிவு நிற்க வேண்டுமானால் அது பிறர் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வேறு யாரும் இல்லாதபோது என்றால் அந்தப் பிரிவு நிற்காது. யார் கேட்டார்கள் என்பதை எஃப்.ஐ.ஆரிலேயே எழுத வைக்காவிட்டால் பிறகு ஒட்டவைப்பது கடினம். கடுமையான குற்றங்களில் முன்பு சாதி காரணமாகத்தான் செய்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 2016 ஜனவரி 26 முதல், பாதிக்கப்பட்டவர் இந்தச் சாதி என்று தெரிந்தே செய்தான் என்றால் போதும். பெரிய மாற்றம் இது, இன்றைக்கும் பல ஸ்டேஷன்களில் பழைய சட்டத்தையே பேசுகிறார்கள் என்று அவள் புலம்பினாள்.

கோகுல்ராஜ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்கு வேறு சாதித் தோழியோடு போன அந்தத் தலித் பொறியியல் பட்டதாரி மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். ஆரம்பத்தில் சந்தேக மரணம். பிறகுதான் கொலை, அப்புறம் வன்கொடுமைச் சட்டம். முக்கிய சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்துவிட்டார். வழக்கைத் தாங்கிப் பிடித்ததில் கோயில் சி.சி.டி.வி. காட்சிகளுக்குப் பெரிய பங்கு. தாய் சித்ரா விடவில்லை. விசாரணையை நாமக்கல்லிலிருந்து மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்ற வைத்தார், தான் கேட்ட ப.பா. மோகனையே அரசுத் தரப்பு வழக்கறிஞராக நியமிக்க வைத்தார். 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இருவருக்குத் தண்டனையைக் குறைத்து, மற்றவர்களுக்கு ஆயுளை உறுதி செய்தது. அந்தச் சட்டத்தின் 15ஏ பிரிவில் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் நிறைய உரிமைகள் இருக்கின்றன, ஜாமீன் விசாரணை உட்பட ஒவ்வொரு கட்டத்திலும் தகவல் பெறுவதும் தன் தரப்பைச் சொல்வதும் அதில் சேர்ந்தவை. கேட்பவருக்குத்தான் கிடைக்கிறது. வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியரைத் தண்டிக்க 4-ஆவது பிரிவும் உண்டு, அதைச் சொல்லிப் பாருங்கள், எஃப்.ஐ.ஆர். எழுதும் வேகம் மாறும் என்கிறாள் தோழி.

மறுபடி இங்கிலாந்துக்கு. வழக்கே தொடர மாட்டோம் என்று கடிதம் வந்தால் அது முடிவான முடிவு இல்லை. மறுபரிசீலனை கேட்கும் உரிமை உண்டு. முடிந்தால் ஐந்து வேலை நாளுக்குள், தாமதமானால் மூன்று மாதத்துக்குள் எழுதுங்கள். குற்றமாகாத சின்னச் சம்பவங்களைப் பதிவு செய்வதற்கான வரம்பை 2023-ல் உயர்த்திவிட்டார்கள், அதனால் முறைத்தான், முணுமுணுத்தான் என்பதெல்லாம் போலீஸ் கணக்கில் ஏறாமல் போகலாம். அதற்காக உங்கள் கொப்பியில் ஏறாமல் விடாதீர்கள். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தால் அந்தத் தேதிகள்தான் தொல்லைக் குற்றம் என்ற வேறு பிரிவுக்கு வழி காட்டும்.

விசா பயம் நிறையப் பேருக்கு. முறையான விசாவில் இருப்பவர் புகார் கொடுத்ததாலோ சாட்சி சொன்னதாலோ அது அவர் மேல் குற்றப் பதிவாக ஆகாது, நிரந்தரக் குடியுரிமை விண்ணப்பத்தையும் கெடுக்காது. ஆனால் விசா முடிந்துபோனவர்களிடம் பயப்படாதீர்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். போலீஸ் குடியேற்றத் துறைக்குத் தகவல் சொல்ல வாய்ப்பு இருக்கிறது. அவர்கள் முதலில் ஒரு வக்கீலையோ உள்ளூர் உதவி அமைப்பையோ பார்க்க வேண்டும். பெயர் சொல்லாமல் தகவல் மட்டும் கொடுக்க 'ட்ரூ விஷன்' இணையதளமும், 0800 555 111 என்ற கிரைம்ஸ்டாப்பர்ஸ் எண்ணும் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று, இது என்னைத் தூங்க விடாமல் செய்த விஷயம். பெற்றோருக்கு ஆங்கிலம் வராத வீடுகளில் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளையை நடுவில் உட்கார வைத்து மொழிபெயர்க்க விடுகிறார்கள். அம்மாவை அவன் என்ன சொன்னான் என்று அந்தப் பிள்ளை தன் வாயால் போலீஸிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் கேட்பது உங்கள் உரிமை, இலவசம். போனிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளரை இணைத்துக் கொடுப்பார்கள். கொஞ்சம் காக்க வைப்பார்கள், காத்திருங்கள். பிள்ளையைப் பக்கத்து அறையில் டிவி பார்க்க அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.